முத்துவின் கடைவாய்ப் பல்

1

காலையில் எழுந்ததும் என் கை இன்னும் உமிக்கரிக் கிண்ணத்தைத் தேடுகிறது. பல் விளக்கிவிட ஆள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. என் பல்லைச் சொல்லவில்லை. நாயின் பல்லைச் சொல்கிறேன்.

குப்பத்தில் இதை யார் வாசித்துக் காட்டினாலும் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். எல்லாரும் சிரித்து முடிக்கட்டும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள அந்த மணல்திட்டில் பிறந்து, பழவேற்காட்டுக் கரையில் அலைக்கு எதிரே சலங்குப் படகு தள்ளிய வீராசாமி, கண்காணாத கிழக்குத் தீவிலுள்ள பத்தாவியாவுக்குக் கப்பலேறிப் போய், ஒல்லாந்து வெள்ளைக்காரர் வீட்டில் ஏறத்தாழ இருபது வருடம் நாய்க்குப் பல் விளக்கினான். சிரித்தாயிற்றா? சரி.

என் மகள் எல்லம்மா கப்பலேறிப் போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாயை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை. நாயின் வாய் வழியாகத்தான் நான் ஊரைவிட்டு வந்தேன். அதே வாய் வழியாகத்தான் அவளும் என்னை விட்டுப் போனாள்.

நம் ஊரில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்கு வெளியே பாதிரியார் வைத்திருந்த பள்ளிக்குச் சின்ன வயதில் கஞ்சிக்காகப் போனேன். கஞ்சியோடு கொஞ்சம் எழுத்தும் உள்ளே போயிற்று. அது இவ்வளவு நாள் கழித்து இப்படி வெளியே வரும் என்று நினைக்கவில்லை.

2

நம் குப்பத்து நாய்களுக்கு யாரும் பல் விளக்கியதில்லை. மீன் தலை, நண்டு ஓடு, காய்ந்த கருவாட்டு வால் என்று கடித்தே அவற்றின் பல் வெளுத்திருக்கும். அவற்றுக்கு வரும் ஒரே கஷ்டம் கெளுத்தி முள். வலையிலிருந்து உதறிப் போட்ட கெளுத்தியை அவசரமாகக் கவ்வி, அதன் முள் மேலண்ணத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டு, முன்னங்காலால் வாயைப் பிறாண்டியபடி கரையெல்லாம் ஓடும். வலைக்கண் அளவெடுக்கும் மூங்கில் பட்டையைக் கடைவாயில் குறுக்கே வைத்து, இரண்டு விரலை விட்டு, முள்ளை வந்த வழியே திருப்பி எடுக்க வேண்டும். இழுத்தால் கிழிந்துவிடும். இது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. நான் பெரிய வைத்தியன் ஒன்றும் இல்லை.

கோட்டையில் துணி வியாபாரம் பார்த்த ஒல்லாந்து துரை ஒருவருக்குப் பத்தாவியாவுக்கு மாற்றலாயிற்று. நம் கரையில் கப்பல் அண்டாது அல்லவா, நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அவரையும் துரைசானியையும் சலங்கில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோக நாங்கள் காத்திருந்தோம். துரைசானியிடம் வெள்ளையாக, நீளக் காதோடு ஒரு பெண் நாய் இருந்தது. மடியை விட்டு இறங்கியே பழக்கமில்லாத அது, அன்றைக்கு என்ன தோன்றிற்றோ, மணலில் குதித்து ஓடி முதல் காரியமாக ஒரு கெளுத்தியைக் கவ்வியது.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். துரைசானி மணலில் உட்கார்ந்து அழுதார். நான் மூங்கில் பட்டையை எடுத்தேன். முள் வெளியே வந்ததும் நாய் என் கையை நக்கியது. துரைசானி பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷியைக் கூப்பிட்டு, இந்த ஆள் கூடவே வரட்டும் என்றார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. என் மனைவி மங்கம்மா சுண்ணாம்புக்குளத்துப் பெண், பாதிப் பேச்சு தெலுங்கு. போகலாமா என்று கேட்டேன். "நீ எங்க போறியோ அங்க நானு. இங்க மட்டும் இன்னா கொட்டி வெச்சிருக்குது?" என்றாள். அடுத்த கப்பலில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது.

நாங்கள் சலங்கில் ஏறியபோது என்னைப் பெற்ற நைனா இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிட்டார். பிறகு கரையேறி நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். படகில் கால் வைத்தவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போனவர் கரை திரும்ப மாட்டார். இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இதுதான் என் கதையில் முக்கியமான இடம்.

அன்றைக்கு நைனா வாய் திறக்காமல் நின்றது எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. எத்தனை ஆசையிருந்தால் ஒரு மனிதன் அப்படி வாயைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று எனக்குத் தெரியும். அவர் செத்துப்போன சேதி எனக்கு வந்து சேர்ந்தபோது அவர் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

3

பத்தாவியா கால்வாய்கள் வெட்டிய ஊர். வீட்டு வாசலிலேயே தண்ணீர் ஓடும் என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது ஓடாத தண்ணீர் என்பது வந்த பிறகு தெரிந்தது. அதிலிருந்து எழும் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் துரை, கூலி என்ற பேதம் கிடையாது.

வீட்டில் படகு தள்ளுவது, விறகு பிளப்பது, விளக்கேற்றுவது எல்லாம் என் வேலை. ஆனால் துரைசானி என்னைக் கூட்டிவந்தது நாய்க்காக. இங்கே நாய்க்குச் சர்க்கரைப் பாகில் ஊறிய ரொட்டியும் பாலில் கரைத்த சோறும்தான் சாப்பாடு. கடிக்க ஒன்றும் கிடையாது. ஒரு வருடத்தில் அதன் பல்லின் மேல் மஞ்சளாக ஒரு காரை ஏறிவிட்டது. ஈறு சிவந்தது. கொட்டாவி விட்டால் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

மங்கம்மாதான் உமிக்கரி அரைத்துக் கொடுத்தாள். தன் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து என் விரலில் சுற்றிவிட்டாள். உமிக்கரியும் உப்பும் தொட்டு, முன்பல்லில் ஆரம்பித்துக் கடைவாய் வரை மெல்லத் தேய்க்க வேண்டும். ஈறை அழுத்தக் கூடாது. நாய் கண்ணை மூடினால் சரியாகத் தேய்க்கிறோம் என்று பொருள். பின்பு யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு கருவாட்டுத் தலை கொடுப்பேன். துரைசானியின் பட்டு மெத்தையில் கருவாட்டு வாடை வீசுகிறது என்று வேலைக்காரிகள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள். நான் மிகுந்த கவலையோடு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த நாய்க்குப் பிறகு அதன் குட்டி. அதற்குப் பிறகு குட்டியின் குட்டி. கடைசிக் குட்டிக்குத் துரைசானி அவர்கள் பாஷையில் வைத்த பெயருக்கு முத்து என்று அர்த்தமாம். நாங்கள் முத்து என்றே கூப்பிட்டோம். இரண்டுக்கும் அது திரும்பிப் பார்க்கும்.

எல்லம்மா இங்கேதான் பிறந்தாள். துரைசானிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, எலெனா என்று வைத்துக்கொண்டார். பிள்ளையில்லாத வீடு, ஆகவே குழந்தை எந்நேரமும் மாடியில்தான் இருந்தது. எங்களோடு எங்கள் பேச்சும், வேலைக்காரர்களோடு போர்த்துகீசும் மலாயும் கலந்த பேச்சும், துரைசானியோடு ஒல்லாந்தும் பேசினாள். கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பேச்சு அவளுக்கு விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது. மரியாதை உண்டு, உரிமை இல்லை. நான் ஏரியைப் பற்றிச் சொல்லும்போது, நம் வீட்டுக் கால்வாய் அவ்வளவு பெரியதா என்று கேட்பாள்.

அவள் எட்டு வயதில் மங்கம்மா காய்ச்சலில் போனாள். எடுத்துப் போக நான்கு ஆள் தேடி அலைந்தேன். எல்லம்மா முத்துவைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், அப்போது அது சின்னக் குட்டி. என்னிடம் வரவில்லை. மறுநாள் காலையில் நான் உமிக்கரியை எடுக்க மறந்து படுத்திருந்தபோது, அவளே தன் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு குட்டியின் வாயைத் திறந்துகொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து முத்துவின் வாய் அவளுடையது. வேறு யார் விரல் போனாலும் கடிக்கும். என்னை மட்டும் பழகிய தோஷத்துக்காகப் பொறுத்துக்கொள்ளும், ஆகவே அவளுக்கு முடியாத நாளில் நான் விளக்குவேன்.

4

சென்ற வருடத்துக்கு முந்திய வருடம் துரை இறந்தார். துரைசானி தன் ஊருக்கே திரும்புவது என்று முடிவு செய்தார். நாயை விட்டுவிட்டுப் போக முடியாது. நாய்க்கு வயதாகிவிட்டது, எல்லம்மா கை இல்லாமல் அது ஒரு கவளம் தின்னாது. ஆகவே எல்லம்மா வர வேண்டும். நான் தேவையில்லை, எனக்கு அவருடைய தங்கை வீட்டில் வேலை சொல்லியாயிற்று. துரைசானி கெட்டவர் இல்லை. என்னை எதிரே நிற்கவைத்து, உன் சம்மதம் இல்லாமல் அழைத்துப்போக மாட்டேன் என்றுதான் சொன்னார்.

எல்லம்மாவிடம் கேட்டேன். கொல்லையில் முத்துவின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"இங்க எனக்கு இன்னா இருக்குது நைனா?" என்றாள்.

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அம்மாவும் அதே கேள்வியை என்னிடம் கேட்டுத்தான் கப்பலேறினாள். இந்தக் காய்ச்சல் ஊரில் அவளைப் பிடித்துவைத்து என்ன செய்யப்போகிறேன் என்றும் நினைத்தேன். சம்மதம் என்றேன்.

சம்மதம் என்று வாயால் சொன்னால் போதாது இந்த ஊரில். ஒல்லாந்தர் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். முதல் தடவை எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். அடுத்த தடவை சாட்சி இல்லை என்றார். சாட்சியோடு போனால், இவள் விலைக்கு வாங்கிய பெண்ணா, சம்பளத்துக்கு இருப்பவளா என்று கேட்டார். சம்பளத்துக்கு என்றேன். அதற்கு என்ன ஆதாரம் என்றார். என் மகள் என்னுடைய மகள்தான், வேறொருவர் பொருள் இல்லை என்பதற்கு ஆதாரம் தேடி அந்த வெயிலில் நான் அலைந்ததை இங்கே விரிவாக எழுத எனக்கு மனமில்லை. கடைசியில் துரைசானியே பல்லக்கில் வந்து சொன்னார். எழுத்தர் எழுந்து நின்று எழுதினார்.

பெயர் கேட்டார். எலெனா என்று அவளே சொன்னாள். குடும்பப் பெயர் இல்லை என்றதும் தகப்பன் ஊர் எது என்றார். பழவேற்காடு என்றேன். அவர்கள் வாய்க்கு வருகிற மாதிரி அதை எழுதி, பாலியகட்டா ஊர் எலெனா என்று படித்துக் காட்டினார். நம் ஊர் மண்ணை ஒரு தடவைகூட மிதிக்காதவளுக்கு நம் ஊரே பெயராகிவிட்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

5

கப்பல் கிளம்பச் சில நாள் இருக்கையில் முத்துவின் இடது கண்ணுக்குக் கீழே வீங்கியது. கண்ணில் அடிபட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்குப் பார்த்ததும் தெரிந்தது, கண்ணில் ஒன்றும் இல்லை. மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று வேரில் சீழ் கட்டிவிட்டது. துரைசானி அழைத்த வைத்தியரும் அதையே சொன்னார். பல்லை எடுத்தால் பிழைக்கும், எடுக்காவிட்டால் கடலில் சில வாரம்கூடத் தாங்காது என்றார். அவர் கையை வாயருகே கொண்டுபோனதும் முத்து உறுமியது. இரண்டாம் தடவை அவர் முயற்சி செய்யவில்லை. கிராம்புத் தைலம் கொடுத்துவிட்டுப் போனார்.

துரைசானி என்னைப் பார்த்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மறுநாளும் நாளைக்கு என்றேன்.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைத்து எழுத முடியாது. முத்து போய்விட்டால் எல்லம்மா போக வேண்டியதில்லை. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். விஷம் வைக்க வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம். கை கட்டி நின்றால் போதும். பல்லே பார்த்துக்கொள்ளும். என்னைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக் கூட்டிவந்த குலத்து நாய்தானே என்றுகூட மனதுக்குள் வாதாடினேன். அந்த வாதம் முத்துவின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் நன்றாக இருந்தது. பசியோடு கிண்ணத்தில் முகத்தை வைக்கும், நாக்கு பட்டதும் வலியில் பின்வாங்கும், எங்களைத் திரும்பிப் பார்க்கும். குரைக்காது.

எல்லம்மா சோற்றைக் கையில் குழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது.

"நைனா, உனக்கு இஷ்டமில்லன்னா நான் போகல. ஆனா இத்த இப்டி உடாத" என்றாள்.

அவ்வளவு நீளமாக அவள் எங்கள் பேச்சில் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

ஊரிலிருந்து கொண்டுவந்த மூங்கில் பட்டையை எடுத்தேன். கைபட்டுக் கைபட்டு அது கறுத்திருந்தது. எல்லம்மா முத்துவைத் தன் மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டாள். ஈறில் தைலத்தைத் தடவி மரத்துப்போகும் வரை காத்திருந்தோம். வலை நூலில் சுருக்குப் போட்டுப் பல்லின் அடியில் இறக்கினேன். பிடித்து இழுக்கக் கூடாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்து அசைத்து, அதுவாகப் பிடியை விடும் வரை பொறுக்க வேண்டும். அவள் அதன் காதில் மலாயில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவள் தலை என் தலையில் முட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பக்கத்தில் அவள் இருந்தது அதுதான் கடைசி. பல் சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். வந்துவிட்டது.

சீழை வடித்து, உப்புத் தண்ணீரால் கழுவி, மங்கம்மாவின் புடவைத் துணியை வைத்து அழுத்தினோம். சாயங்காலம் முத்து சோறு தின்றது. "பாரு நைனா, தின்னுது பாரு" என்று எல்லம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பல்லை என்ன செய்வது என்று கேட்டேன். கூரை மேல் போடச் சொன்னாள். தன் பால்பற்களை அவள் அம்மா சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கிழட்டு நாய்க்குப் பல் முளைக்காது என்று நான் சொல்லவில்லை. எறிந்தேன். நம் வழக்கத்தில் ஒன்றாவது அவளிடம் தங்கியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். எது தங்கவில்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

6

துறையில் கூட்டம். துரைசானி முன்னால் ஏறிவிட்டார். எல்லம்மா முத்துவைத் தூக்கிக்கொண்டு, உமிக்கரி மூட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள். என் காலைத் தொட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தொட்டு எழுப்ப வேண்டுமா என்று எனக்கும் மறந்துபோயிற்று. முத்துவின் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள் படகில் கால் வைத்தாள்.

அப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

படகு நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களெல்லாம் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, துணி வீசி, அழுதுகொண்டிருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் நைனா நின்ற மாதிரியே நின்றேன். படகிலிருந்து அவள் குரல் கேட்டது.

"நைனா, இன்னா பேசாம நிக்கற?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். படகு கப்பலின் மறுபக்கம் போகும் வரை அவள் முகம் என் பக்கமே இருந்தது.

7

போன வாரம் கப்பல் சமையல்காரர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இங்கத்துப் போர்த்துகீசு கலந்த பேச்சு தெரிந்த ஒல்லாந்தர். நன்னம்பிக்கை முனையில் இரண்டு கப்பலும் தண்ணீர் பிடிக்க நின்றபோது எல்லம்மாவைப் பார்த்திருக்கிறார். நாய்க்கு எலும்பு கேட்டு அவரிடம் வந்தாளாம்.

சேதி சொல்லியனுப்பியிருந்தாள். முத்து நன்றாகத் தின்கிறது. பல் எடுத்த இடம் ஆறி, ஈறு மூடிவிட்டது. மற்ற பல்லெல்லாம் கெட்டி. தினமும் விளக்குகிறாள். குளிர் அதிகம்.

அவ்வளவுதானா என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். இன்னொன்றும் கேட்கச் சொன்னாள், கேட்கலாமோ கூடாதோ என்று யோசித்தேன் என்றார். என் தகப்பனுக்கு என்மேல் என்ன கோபம், எல்லாரும் கூப்பிட்டார்கள், அவர் மட்டும் ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று அழுதாளாம்.

நான் விளக்க ஆரம்பித்தேன். எங்கள் கரையில் படகேறினவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார் என்று சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். அப்படியானால் அவள் திரும்பி வருவாளா என்று கேட்டார். கபடமில்லாமல்தான் கேட்டார். என் நைனா கூப்பிடவில்லை, நானும்தான் திரும்பவில்லை. அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

அவர் அடுத்த கப்பலில் ஒல்லாந்துக்கே போகிறார். துரைசானியின் ஊர் அவர் ஊருக்குப் பக்கம்தானாம். வாசல் வரைக்கும் வந்தவரை நிறுத்தி, எல்லம்மாவைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள் என்றேன். உன் நைனா கூப்பிட்டார். தொண்டை கிழியக் கூப்பிட்டார். காற்று எதிரே அடித்ததால் உனக்குக் கேட்கவில்லை.

அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு போனார்.

கப்பல் கரையை விட்டுக் கிளம்புவது கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும்போதுதான். அந்தக் காற்றில் நான் முணுமுணுத்திருந்தால்கூட அவளுக்குக் கேட்டிருக்கும். நம் குப்பத்தில் வளர்ந்த சின்னப் பிள்ளைக்கும் இது பொய் என்று உடனே தெரியும்.

எல்லம்மாவுக்குத் தெரியாது. அவள் வீட்டுக்குள் வளர்ந்தவள். நம்பிவிடுவாள்.